கழிக்காமல் விட்ட கோடு

ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கோடு நின்றது.

திரையில் ஒட்டிய தூசி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கைக்குட்டையால் துடைத்தாள். போகவில்லை. விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்தாள். விரல்தான் அழுக்கானது. தரிசு நிலத்தில் யாரோ ஒரே ஒரு கழியை நட்டுவிட்டுப் போனது போல, மெலிசாக, நேராக, அது நின்றபடியே நின்றது.

வெளியே பட்டப்பகல். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த கீழ்த்தள அறைக்குச் சன்னல் கிடையாது. பகலும் இரவும் அங்கே ஒரே குழல்விளக்குதான். குளிர்சாதனம் தொண்டையில் சளி கட்டியவனைப் போல இரைந்துகொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆய்வுக்கூடத்துப் பம்பு காற்றை உறிஞ்சி உறிஞ்சித் துப்பும் சத்தம், டக், டக் என்று, நெஞ்சுக்குள் அடிப்பது போலவே கேட்கும். பல வருடம் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காமலே போயிருந்தது. இன்று கேட்டது. கூடவே வாய்க்குள் ஒரு ருசி. துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தது போல.

அலுவலகத்தில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். எந்நேரமும் கோட்டைப் பற்றியே பேசுவதால் வந்த பெயர். அவள் வேலை அப்படி. எங்கோ தொலைதூரத்தில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று உயிரோடு எரிவது. மற்றது எரிந்து தீர்ந்து, தன் பாரம் தானே தாங்காமல் தனக்குள் இடிந்து விழுந்து, ஓர் ஊர் அளவுக்குச் சுருங்கிவிட்ட பிணம். நியூட்ரான் நட்சத்திரம் என்று அதற்குப் பெயர். பிணமென்றால் சும்மா கிடக்க வேண்டும் அல்லவா? அது கிடக்காது. பக்கத்தில் உயிரோடு இருப்பதன் உடம்பிலிருந்து வாயுவை இழுக்கும். இழுபட்ட வாயு, நீர் வடியும் ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் சுழல்வது போல, தட்டாகச் சுழன்று உள்ளே விழும். விழும்போது கொதித்து எக்ஸ் கதிராகக் கொட்டும். பூமிக்கு மேலே சுற்றும் தொலைநோக்கி அதைப் பிடித்து அனுப்பும். காற்றைத் தாண்டி அந்தக் கதிர் ஒரு சொட்டும் தரைக்கு வராது.

வந்து சேர்ந்த கதிரை ஆற்றல் வாரியாகப் பிரித்து அடுக்கினால் அது நிறமாலை. அங்கே இரும்பு இருந்தால் இரும்புக்கென்று உள்ள இடத்தில் ஒரு கோடு எழும்பும். அந்த இரும்பு தட்டாகச் சுழன்றுகொண்டிருந்தால் கோடு இரண்டாகப் பிளந்து கொம்பு முளைக்கும்; ஒரு கொம்பு நம்மை நோக்கி வரும் பக்கம், இன்னொன்று விலகிப்போகும் பக்கம். கொம்பைப் பார்த்தாலே அவளுக்குக் குஷிதான். ‘நடுவுல ஒண்ணு உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம்,’ என்பாள்.

இன்று கண்ட கோட்டுக்குக் கொம்பு இல்லை. ஆனால் அது இரும்பின் கோடுதான். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

வானம் முழுக்கவே கொஞ்சம் கசிவு உண்டு. அதனால் நட்சத்திரத்தின் மேல் ஒரு வட்டம் போடுவார்கள். பக்கத்தில் வெறும் வானத்தின் மேல் இன்னொரு வட்டம் போடுவார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நட்சத்திரம். மணலைச் சலித்துக் கல்லைத் தள்ளுகிற வேலை மாதிரிதான். வெறும் வட்டத்தை எல்லாரும் படத்தின் இடது கீழ் மூலையில்தான் போடுவார்கள். ஏன் அந்த மூலை என்று யாரும் கேட்டதில்லை, செக்குமாடு ஏன் அந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று யாரும் கேட்காதது போல. கோட்டம்மாவுக்கு இந்த முறை அந்த மூலை பிடிக்கவில்லை. நட்சத்திரத்தின் வெளிச்சம் அங்கே வழிந்திருந்தது. வட்டத்தைப் பிடித்து, இருட்டாக, சுத்தமாக, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்துக்கு நகர்த்தினாள்.

அங்கேதான் கோடு நின்றது. கீழே வெளிச்சம் இல்லை, வேறெதுவும் இல்லை. அடுப்பில்லாமல் புகை. இரும்பு மட்டும்.

கைப்பேசி அதிர்ந்தது. துள்ளிவிட்டாள். தம்பி.

"அக்கா, ஒரு வேடிக்கை கேக்குறியா?"

"சொல்லித் தொலை."

"ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. என் ஒடம்புல இரும்பே இல்லியாம். காலையில இருந்து இரும்போடயே குடும்பம் நடத்துறவன் நான். எனக்கு இரும்பு இல்லியாம்!"

"சோறு தண்ணி இல்லாம வெயில்ல நின்னா அப்படித்தான். மாத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஆணி ரெண்டு முழுங்கட்டுமான்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவே இல்ல."

தம்பி வெல்டிங் வேலைக்காரன். அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும் மட்டும்தான். அவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பற்ற வைத்த கதவுகளிலும் கம்பிகளிலும்தான் அவள் படிப்பு நிமிர்ந்து நின்றது. சின்ன வயதில் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய் அவன் பக்கத்தில் உட்காருவாள். பொறி தெறிக்கும். "இரும்பு அடிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை? எழுந்து போ" என்று விரட்டுவான். அவள் போகமாட்டாள். அந்தப் பிடிவாதம் இன்னும் போகவில்லை.

அடுத்து வந்த நாட்களில் தொலைநோக்கி அதே நட்சத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் வெறும் வட்டத்தில் கோடு உயர்ந்திருந்தது. வட்டத்தை மேலே நகர்த்தினாள். கோடு அங்கே இருந்தது. ஓரத்துக்குத் தள்ளினாள். அங்கேயும் இருந்தது. பழைய மூலைக்கே கொண்டுபோனாள். அதுவரை வெறுமையாக இருந்த அந்த மூலையிலும், அவள் வட்டம் போய் உட்கார்ந்ததும், கழி நட்டது போல எழுந்து நின்றது. கோடு வானத்தின் எந்த இடத்துக்கும் சொந்தமானது இல்லை. வட்டம் போடுகிறவளின் பின்னால் அது வந்துகொண்டிருந்தது.

வீட்டில் தம்பி இளைத்தான். முதலில் கன்னச் சதை போனது. பிறகு உதட்டின் நிறம் போனது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. எங்கேயும் ரத்தக்கசிவு இல்லை, குடலில் புண் இல்லை. உறிஞ்சுகிற பூச்சியும் இல்லை என்றார் டாக்டரம்மா. இரும்பு எங்கேதான் போகிறது என்று அவருக்கே புரியவில்லை. ஏற்றிய ரத்தமும் இரண்டொரு நாளில் வெளுத்தது. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

எங்கே போகிறது என்று கோட்டம்மாவுக்குத் தெரிந்த நாள் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் இரும்பு சட்டென்று சரிந்த அன்று திரையில் கோடு சட்டென்று ஏறியிருந்தது. ரத்தம் ஏற்றிய மறுநாள் கோடு ஒரு சுற்றுப் பருத்திருந்தது. தராசின் இரண்டு தட்டு. அவள் நேராகப் பெரிசின் அறைக்கு நடந்தாள்.

பெரிசு என்பது துறைத்தலைவருக்குப் பின்னால் வைத்த பெயர். முன்னால் சார். தனியாக வாழும் மனிதர். அவர் மேசையில் ஒரு புகைப்படச் சட்டம் எப்போதும் சுவரைப் பார்த்தபடி திரும்பியிருக்கும். துடைப்பவர்கள்கூட அதைத் தொடமாட்டார்கள்.

"சார், வெறும் வானத்துல இரும்பு தெரியுது."

அவர் பேனாவை மூடினார். "வட்டத்தை எங்க போட்ட?"

"கொஞ்சம் நகர்த்திப் போட்டேன்."

"மூலையிலதான் போடணும்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஏன்னு சொல்லல."

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "இப்ப மூலையில போட்டாலும் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அப்ப கழிச்சிடும்மா. பின்னணின்னு வெச்சு மொத்தமா கழிச்சிடு. ஒரு பட்டன். அப்புறம் வராது."

"என் தம்பி ரத்தத்துல இரும்பு எறங்குது சார். இங்க ஏறுது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டுத்தான் வரேன்."

இப்படிச் சொன்னால் சிரிப்பார், விடுப்பு எடுத்து ஓய்வெடுக்கச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படி அவர் சிரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவர் முகத்தில் இருந்த ரத்தம்தான் இறங்கியது. கை தானாகவே அந்தச் சட்டத்தின் பக்கம் போய், தொடாமல் நின்றது.

"நானும் ஒரு தடவை நகர்த்தினேன்," என்றார். "அப்புறம் கழிச்சேன். கோடு போயிடுச்சு."

"கோட்டுல இருந்தவங்க?"

"கழிச்சா கழிச்சதுதான்."

குளிர்சாதனம் இரைந்தது. கோட்டம்மா அந்தச் சட்டத்தின் முதுகையே பார்த்தாள். அட்டையில் ஆணி துருப்பிடித்து வடிந்திருந்தது.

"நான் கழிக்க மாட்டேன்."

"பைத்தியக்காரி! கழிக்கலன்னா அது அவனோட நிக்காது. அடுத்தது யாருன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். நீங்க அந்த ஃபோட்டோவுல இருக்கிற ஆளைக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கீங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

சொல்லிவிட்டு வெளியே வந்து நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

ஆய்வுக்கூடத்தில் பம்புகளோடு வாழும் பொறியாளரை எல்லாரும் வெற்றிடம் என்பார்கள். அவரிடம் உள்ளங்கையில் அடங்கும் ஓர் எக்ஸ் கதிர் உணர்கருவி இருந்தது. மடிக்கணினியில் செருகினால் போதும்.

"இதை எங்கம்மா தூக்கிட்டுப் போற?"

"வீட்டுக்கு."

"எதுக்கு, பேய் பிடிக்கவா?"

"ஆமா."

வெற்றிடம் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கருவியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வீடு மாடியில் இரண்டு அறை. சாயங்கால வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் வரிவரியாகப் போட்டிருந்தது. கம்பிகள் தம்பி பற்ற வைத்தவை. அவன் கட்டிலில் சுவரோரமாகக் கிடந்தான், போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குத் தட்டையாக. கீழே தெருவில் பிள்ளைகள் பந்தடித்துக் கத்தும் சத்தம், வாளியில் தண்ணீர் விழும் சத்தம், யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பும் சத்தம் எல்லாம் மேலே ஏறி வந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தத் துரு வாசம் மட்டும் படியிலேயே அவளை எதிர்கொண்டு வந்தது. மழையில் நனைந்த பழைய இரும்புச் சாமான்களைக் குவித்து வைத்த கொட்டகைக்குள் நுழைந்தது போல இருந்தது.

"வந்துட்டியா?" என்றான். குரல் பாதிதான் வந்தது. "என்னது கையில?"

"ஒரு பூச்சி பிடிக்கிற மிஷின்."

"ஈயா?"

"பார்ப்போம்."

கருவிக்கு மூடி உண்டு. மூடியிருந்தால் அதற்கு எதுவும் தெரியாது. மூடியைத் திறக்காமலே முக்காலியில் வைத்துக் கணினியில் செருகினாள். திரையில் வெறும் கருப்பு. மூச்சு விட்டாள்.

கோடு எழுந்தது.

மூடிய மூடிக்குள். வீட்டுக்குள். காற்றுக்குள் ஒரு சொட்டும் வர முடியாதது.

கருவியைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பினாள். சன்னல் பக்கம் காட்டினால் கோடு படுத்தது. கதவுப் பக்கம் காட்டினால் படுத்தது. கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், விளக்குமாறு சாத்தும் அந்த இடுக்கின் பக்கம் திருப்பியபோது அது நெடுநெடுவென்று வளர்ந்தது. இடுக்கில் ஒன்றுமில்லை. விளக்குமாறுகூட இல்லை. வெயில் வரிகள் தரையில் அதுவரை நேராகப் போய், அந்த இடுக்கின் வாயில் மட்டும், மிக லேசாக, உள்நோக்கி வளைந்திருந்தன.

அவள் வளைவைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கினாள். வளைவு அப்படியே இருந்தது.

தம்பி முனகினான். கருவியை இடுக்கைப் பார்க்கும்படி முக்காலியில் வைத்துவிட்டு, அவனுக்குத் தண்ணீர் எடுக்க அவள் கட்டிலுக்கும் இடுக்குக்கும் நடுவில் குறுக்கே போனாள். போன அந்த நொடியில் கோடு பொத்தென்று விழுந்தது. தம்பியின் மூச்சு, அடைத்த குழாய் திறந்தது போல, நீளமாக உள்ளே போனது. விலகினாள். கோடு எழுந்தது. அவன் முனகினான். மறுபடி நடுவில் நின்றாள். விழுந்தது.

கிரகணம். வானத்திலும் இதேதான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வந்து நின்றால் கதிர் மறையும். வாழ்நாளெல்லாம் தொலைவில் பார்த்த கணக்கு இன்று வீட்டுக்குள் வந்து நின்றது.

கைப்பேசி அதிர்ந்தது; எடுத்ததும் பெரிசின் குரல் தாழ்ந்து கேட்டது. "இன்னும் கழிக்கலையா? சொல்றதைக் கேளும்மா. அவனைப் பார்த்தா உயிரோட இருக்கிற மாதிரி தெரியும். ஆனா ஏற்கெனவே முக்காவாசி அந்தப் பக்கம் போயிட்டான். மிச்சத்தை விட்டுடு. நீயாவது இரு."

திரையில் கழிக்கும் கட்டளை தயாராக இருந்தது. அவளே அலுவலகத்தில் அடித்து வைத்தது. பல வருடப் பழக்கம், கை தானாக அடித்துவிட்டது. ஒரு தட்டு தட்டினால் போதும். இடுக்கு வெறும் இடுக்காகிவிடும். கட்டில் வெறும் கட்டிலாகிவிடும். ஒரு புகைப்படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தாள். எழுத்து எழுத்தாகக் கட்டளை பின்வாங்கிக் காணாமல் போனது.

"சார், அந்த ஃபோட்டோவைத் திருப்பி வைங்க," என்றாள். "ஒரு தடவையாவது பாருங்க." கைப்பேசியை வைத்துவிட்டாள்.

பிறகு சமையலறையிலிருந்து இரும்பு நாற்காலியை இழுத்து வந்தாள். அதுவும் தம்பி செய்தது. நாலு காலும் தரையில் பதியும், ஆடாது. கட்டிலுக்கும் இடுக்குக்கும் நட்டநடுவில் போட்டு, தம்பிக்கு முதுகைக் காட்டி, இடுக்குக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள். கணினியை மடியில் வைத்துக்கொண்டாள்.

கோடு விழுந்தது. விழுந்தே கிடந்தது.

"நான் எழுந்திருக்க மாட்டேன்," என்றாள் இடுக்கைப் பார்த்து. "நீ எவ்வளவு பெரிய பிணமா இருந்தா எனக்கென்ன? இரும்பு அடிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை?"

கீழே பந்தடிக்கும் சத்தம் நின்றது.

வாளியில் விழுந்த தண்ணீர் நின்றது.

வெயில் மட்டும் நிற்கவில்லை. தரையில் இருந்த வரிகள் நகர்ந்தன. இடுக்கைப் பார்த்து வளைந்திருந்தவை மெல்ல அவிழ்ந்து நிமிர்ந்தன. அப்பாடா என்று நினைத்தாள். பிறகு அவை மறுபடி வளையத் தொடங்கின. இந்த முறை இடுக்கைப் பார்த்து இல்லை.

நாற்காலியைப் பார்த்து.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. "அக்கா," என்றான் தம்பி. குரல் முழுதாக வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு. "பசிக்குதுக்கா."

அவளுக்கு அழுகை முட்டியது. திரும்பிப் பார்த்தாள், இடுப்பை அசைக்காமல், கழுத்தை மட்டும் திருப்பி. அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் நிறம். உதட்டில் நிறம். பட்டறையில் பொறி தெறித்தபோது சிவந்திருக்குமே, அதே முகம்.

"வாங்கித் தரேன்டா," என்றாள். நாக்கு துருவாகக் கனத்தது. "கொஞ்சம் பொறு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடது பக்கம் எதையோ பார்த்தான். கண்கள் மெல்ல நகர்ந்தன. அவள் தோள். அவள் முன்பக்கம். வலது பக்கம். பின்பு தன் முகத்துக்கும் அவள் முதுகுக்கும் நடுவில். மறுபடி இடது.

"தம்பி. என்னடா பாக்குற?"

அவளைச் சுற்றும் எதையோ தொடர்ந்து அவன் கண்கள் சுற்றின. நிற்காமல். இன்னும் வேகமாக.

அவள் மடியில் இருந்த திரையைக் குனிந்து பார்த்தாள். விசைப்பலகையின் மேல் இருந்தது தன் கைதானா என்று ஒரு கணம் தெரியவில்லை, நகமெல்லாம் சுண்ணாம்பு.

கோடு எழுந்திருந்தது. ஒற்றையாக இல்லை. நடுவில் பிளந்து, இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் நிமிர்ந்த கொம்பு. ஒன்று வரும் பக்கம். ஒன்று போகும் பக்கம். இவ்வளவு அழகான கொம்பை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நடுவில் ஒன்று உட்கார்ந்திருக்கும் என்பாளே, அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்தாள். நாலு காலும் தரையில் பதிந்திருந்தன. எழவில்லை. பின்னால், ரத்தம் ஊறிய முகத்தில், தம்பியின் கண்கள் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே.